தனி வளையும் பொதுக் கூரையும்

(மரைன் ஹில்லில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் என்னைப் பணித்தபோது நான் தயங்கினேன். இலக்கியம் பேசுதற்கு நம்மிடையே ஆசிரியர்கள் இருக்கின்றனர். சமயம் பேசுதற்குச் சான்றோர் இருக்கின்றனர். நானோ மராமத்து இலாகாவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் சிமெண்டும் செங்கல்லும் அளந்தவன். எனக்குத் தெரிந்தது சுவர். எனக்குத் தெரிந்தது கூரை. "அப்படியானால் வீட்டைப் பற்றியே பேசுங்கள்" என்றார் அவர். அன்புக் கட்டளை, மறுக்க இயலவில்லை.

தமிழில் 'வீடு' என்னும் சொல் எவ்வளவு ஆழமானது! நாளெல்லாம் உழைத்தவன் தன் பாரத்தை விட்டு இளைப்பாறும் இடம் வீடு. உயிர் தன் கட்டுகளையெல்லாம் விட்டு அடையும் பேறும் வீடு. இரண்டுக்கும் வேர் 'விடு' என்பதே. இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் புகும் வழியைப் பற்றி எல்லாரும் பேசுவர். விட்டு வெளியேறும் வழியைப் பற்றியும் இன்று நான் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் நிலை

அன்பர்களே! 1974ஆம் ஆண்டு, இருபத்திரண்டு வயதில், சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி இத்தீவில் இறங்கினேன். ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாயும் என் உடைமை. இந்த மரைன் ஹில் சரிவில், மரப்பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட ஒரு குவார்ட்டர்ஸ் எனக்குக் கிடைத்தது. மழை பெய்தால் கூரையில் பறை முழங்கும். சன்னலைத் திறந்தால் ஃபீனிக்ஸ் பே தெரியும். அங்கேயே மணந்தேன், அங்கேயே மக்களைப் பெற்றேன். அச்சுவருக்கு எத்தனை முறை வண்ணம் பூசியிருப்பேன்! ஆயினும் அஃது என் வீடன்று. 2012ஆம் ஆண்டு ஓய்வு பெற்றேன். சாவியை ஒப்படைத்துக் கையொப்பமிட்டேன். அதே சரிவில், நூறு அடி தள்ளி, இன்று வாடகைக்குக் குடியிருக்கிறேன்.

இஃது என் ஒருவன் கதையா? இங்கே அமர்ந்திருப்போரில் பாதிப்பேர் கதை இதுதானே? 'ஊர் எது?' என்று கேட்டால் இராமநாதபுரம் என்போம், திருநெல்வேலி என்போம், தஞ்சை என்போம். 'வீடு எது?' என்று கேட்டால் 'குவார்ட்டர்ஸ்' என்போம். ஊரில் வீடு இருக்கும். அதில் நாம் இரோம். இங்கே நாம் இருப்போம், வீடு இராது. அரசு இந்நகருக்கு 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் புதுப்பெயர் சூட்டிவிட்டது. நகரின் பெயர் மாறினும் நம் கவலை மாறவில்லை.

இங்கே வீடு கட்டுதல் எளிதா? சிமெண்டும் கம்பியும் கடல் கடந்து வரவேண்டும். 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின், காட்டு மரம் வெட்டுவதும் கடற்கரை மணல் அள்ளுவதும் கட்டுப்படுத்தப்பட்டன. காட்டையும் கரையையும் காக்க அது தேவையே. கட்டுவோன் செலவு ஏறியதும் உண்மையே. நிலமோ பெரும்பகுதி அரசின் கையில். நில நடுக்க வரைபடத்தில் நம் தீவுகள் மிகக் கடுமையான மண்டலத்தில் நிற்கின்றன. 1941 ஜூன் 26ஆம் நாள் நடுக்கத்தையும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் நடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் இந்த மண் மறக்கவில்லை. ஆகவே சுவரை மெலிதாக எழுப்பிச் செலவைக் குறைக்கவும் வழியில்லை.

கடல் கடந்து வந்த ஒரு விளம்பரம்

நிலைமை இவ்வாறிருக்க, ஈராண்டுகளுக்கு முன் ஓர் இரவு, என் மகள் நியூயார்க்கிலிருந்து ஒரு விளம்பரத்தைக் கைப்பேசியில் அனுப்பினாள். அந்நகரில் குவீன்ஸ் என்றொரு பகுதி. அதனுள் ஜாக்சன் ஹைட்ஸ் என்றொரு குடியிருப்பு. அங்கே இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீடு விற்பனைக்கு. போருக்கு முன் கட்டியது, கூட்டுறவு வீடு. உயர்ந்த மேற்கூரை, தடித்த சுவர், கருவாலி மரத்தரை, வாயிலை அடுத்து ஒரு சிறு கூடம், பின்புறம் எல்லார்க்கும் பொதுவான பூங்கா. விளம்பரத்தின் கீழே மகளின் ஒரு வரி: "அப்பா, ஊரில் உள்ள வீட்டில் நம் பங்கை விற்க முடியுமா?"

என் கை நடுங்கியது. பரமக்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில், என் பாட்டனார் கட்டிய ஓட்டு வீடு. எனக்கும் என் தம்பிக்கும் அதில் சரிபாதி. அதைக் கொடுத்து இதைக் கொள்வதா? 'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் முன்னோர் வாக்கு. தனி வளையை விற்று, யாரோ பத்துப்பேர் குழுவாய் ஆளும் பொது வளையில் பொந்து தேடுவதா?

'போருக்கு முன்' என்ற சொல்லும் என்னைச் சிந்திக்க வைத்தது. நமக்குப் போர் என்றால் 1942 மார்ச் 23. அன்றுதான் ஜப்பானியர் இங்கே இறங்கினர். 1945 வரை ஆண்டனர். அதற்கு முந்தைய மரவீடுகளில் இன்று எஞ்சியவை மிகச் சில. நியூயார்க்கில் 'போருக்கு முன்' என்பது பெருமைச் சொல். இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட கட்டடம் என்பது பொருள். செங்கல்லைத் தாராளமாக இட்டு, அறைகளை அகலமாக வகுத்த காலம் அது. போருக்குப் பின் கூரை தாழ்ந்தது, சுவர் மெலிந்தது. ஆதலால் அங்கே பழமை ஒரு விலை. ஆனால் மராமத்துக்காரன் கண்ணுக்குப் பழமை வேறு விதமாகவும் தோன்றும். நூறாண்டுக் கட்டடம் என்றால் நூறாண்டுக் குழாய்; நூறாண்டுக் கூரை. அழகைக் காண மகள் போதும். குழாயைக் காண நான் வேண்டுமே!

வாங்குவது எது?

முதலில் எனக்கு விளங்காதது இது. வீடு விற்பனைக்கு என்கிறார்கள். ஆனால் வாங்குபவர் பெயரில் வீடு பதிவாவதில்லை. கட்டடம் முழுவதும் ஒரு சங்கத்துக்கு உரியது. வாங்குபவர் அச்சங்கத்தில் பங்குகளைப் பெறுகிறார். இத்தனை பங்குக்கு இந்த வீடு என்று முன்னரே வகுத்திருப்பர். பெரிய வீட்டுக்கு மிகுதியான பங்கு. நல்ல மாடிக்கும் மிகுதியான பங்கு. பங்குப் பத்திரத்தோடு, அவ்வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தரும் ஒரு நெடுங்காலக் குத்தகைப் பத்திரமும் கைக்கு வரும். அவ்வளவே. அவர் உடைமையாளரா? ஆம். குடிக்கூலியாளரா? அதுவும் ஒருவகையில் ஆம். தமக்குத் தாமே குடிக்கூலி தருபவர் என்று சொன்னால் பொருந்தும்.

மாதந்தோறும் ஒரு தொகை கட்டவேண்டும். அதில் நகர வரி அடங்கும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் செலவு அடங்கும். காவலர், துப்புரவாளர் ஊதியம் அடங்கும். இன்னொன்றும் அடங்கும், அதுவே முக்கியம். சங்கம் கட்டடம் முழுவதன் பேரிலும் கடன் பெற்றிருந்தால், அக்கடனின் தவணையும் அடங்கும். ஆகவே வீடு வாங்க ஒருவர் தாமே பெற்ற கடன் ஒன்று. தாம் அறியாமலே தம் தலையில் ஏறிய பொதுக்கடன் மற்றொன்று. விளம்பரத்தில் விலை பெரிய எழுத்தில் இருக்கும். பொதுக்கடன் எந்த எழுத்திலும் இராது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

கூட்டுறவு என்பது அமெரிக்கர் கண்ட புதுமையன்று. 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்தனர். கலப்பற்ற மாவும் வெண்ணெயும் நேர்மையான எடையில் விற்பது அவர்கள் நோக்கம். பணம் மிகுதியாகப் போட்டவனுக்கும் குறைவாகப் போட்டவனுக்கும் ஒரே வாக்கு என்ற நெறியை அவர்கள் வளர்த்தனர். அவ்விளக்கின் ஒளி நம் நாட்டுக்கும் வந்தது. 1904ஆம் ஆண்டு கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அரிசியும் பருப்பும் அங்கே கூட்டுறவாயின.

வீடு கூட்டுறவானது பம்பாயில். கன்னடக் கடற்கரையிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற சாரஸ்வதக் குடும்பங்கள் அந்நகரில் வாடகை வீட்டுக்கு அல்லலுற்றன. 1896ஆம் ஆண்டுக் கொள்ளைநோய் நெருக்கமான குடியிருப்புகளின் கேட்டை எல்லார்க்கும் காட்டியிருந்தது. ஸ்ரீபாத் சுப்பராவ் தல்மகி என்னும் பெரியவர் 1906ஆம் ஆண்டு அம்மக்களுக்கென ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் கண்டார். 1915ஆம் ஆண்டு காம்தேவி என்னும் இடத்தில் கூட்டுறவு வீட்டுச் சங்கம் கண்டார். இந்தியாவின் முதல் கூட்டுறவு வீட்டுச் சங்கம் என்று அதனைப் போற்றுகின்றனர். முதலில் கடன் சங்கம். ஒன்பது ஆண்டுக்குப் பின்னரே வீட்டுச் சங்கம். இவ்வரிசையைக் கவனியுங்கள். ஒருவரை ஒருவர் நம்பிக் கணக்கு வைக்கப் பழகிய பிறகே, ஒரே கூரையின் கீழ் புகுந்தனர்.

அடுத்த ஆண்டே, 1916இல், கடலுக்கு அப்பால் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், பின்லாந்திலிருந்து குடியேறிய தொழிலாளர் ஒன்றுகூடி ஒரு கூட்டுறவு வீடு கட்டினர். அதற்கு அவர்கள் தம் தாய்மொழியில் இட்ட பெயர் 'அல்கு'. 'தொடக்கம்' என்பது அதன் பொருள். அடுத்து எழுந்ததற்கு 'இரண்டாம் தொடக்கம்' என்றே பெயர். சாரஸ்வதர் பின்லாந்தியரை அறியார்; பின்லாந்தியர் சாரஸ்வதரை அறியார். இருவரும் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள். இருவரும் தனியாளாய் வீடு கட்ட வலியற்றவர்கள். ஒரே நோய், ஒரே மருந்து!

நம் தமிழரும் அக்காலத்தில் பம்பாயின் மாதுங்காவில் குடியேறினர். எழுத்தராகவும் தட்டச்சராகவும் சென்ற நம்மவர், சமையற்கட்டும் கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே அமைந்த மாடி வீடுகளை நாடினர். 1932ஆம் ஆண்டு தென்னிந்தியர் கல்விச் சங்கம் அங்கே எழுந்தது. வீடு, பள்ளி, கோயில் என்னும் மூன்றும் ஒரே வட்டாரத்தில் அமைந்தபோது, அயலூர் சொந்த ஊராயிற்று.

மூடிய கதவும் திறந்த கதவும்

ஜாக்சன் ஹைட்ஸின் கதை இவற்றினும் வேறு. அதைத் தொழிலாளர் கட்டவில்லை. குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்னும் வாணிக நிறுவனம் கட்டியது. 1909ஆம் ஆண்டு ஆற்றின்மேல் குவீன்ஸ்பரோ பாலம் திறந்தது. 1917ஆம் ஆண்டு உயர்பாலத்தில் இரயில் வந்தது. வயல்கள் மனைகளாயின. தெருவோரமாகக் கட்டடங்களை நிறுத்தி நடுவே பூங்கா விட்டு, 1920களில் அவற்றைக் கூட்டுறவு வீடுகளாக விற்றனர். அழகான ஊர்தான். ஆனால் அன்று யூதருக்கும் கறுப்பின மக்களுக்கும் அங்கே இடமில்லை. 'கூட்டுறவு' என்ற பெயரை வைத்துக்கொண்டே, யாரோடு உறவு இல்லை என்பதை முடிவு செய்யும் கதவாக அதை ஆக்கினர்.

காலம் சும்மா இருந்ததா? 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அமெரிக்காவின் வாயிலை ஆசிய மக்களுக்குத் திறந்தது. 1968ஆம் ஆண்டு நேர்மை வீட்டுச் சட்டம், இனமும் நிறமும் சமயமும் பார்த்து வீடு மறுப்பதைத் தடுத்தது. இன்று அவ்வூரின் 74ஆம் தெருவில் புடவைக் கடையும் மளிகைக் கடையும் நிறைந்துள்ளன. அதே குவீன்ஸில், ஃபிளஷிங்கில், 1977ஆம் ஆண்டு கணபதிக்குக் குடமுழுக்கு நடந்தது. எம்மவர்க்கும் எத்தனையோ பிறர்க்கும் எண்ணிப் பார்க்கவும் இயலாதிருந்த வாயிலில், பரமக்குடிச் சீமைப் பெண்ணொருத்தி இன்று விண்ணப்பம் கையிலேந்தி நிற்கிறாள்!

ஆம், விண்ணப்பம் வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் ஒப்பினால் போதாது. கட்டடத்தின் நிர்வாகக் குழு ஒப்ப வேண்டும். வருமானக் கணக்கு, வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, அறிந்தோர் தரும் நற்சான்று எல்லாம் கொடுத்து, நேரில் சென்று குழுவினர் முன் அமரவேண்டும். சட்டம் விலக்கிய வேற்றுமை பாராட்டாதவரை, காரணம் சொல்லாமலே மறுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. "என் பணத்துக்கு நான் வீடு வாங்க, இவர்கள் யார் என்னைப் பெண் பார்ப்பது?" என்று மகள் கொதித்தாள். அவள் சினத்தில் நியாயம் இருக்கிறது. காரணம் கூறாத அதிகாரம் பழைய கதவை மீண்டும் மூடவும் வல்லது. ஆயினும் அவர்கள் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அஃது எது என்பதை ஒரு பழைய கதை சொல்லும்.

ஒருவன் தவறினால்

நியூயார்க்கில் செல்சி ஹோட்டல் என்று உலகப்புகழ் பெற்ற ஒரு விடுதி உண்டு. அது விடுதியாகப் பிறக்கவில்லை. 1884ஆம் ஆண்டு திறந்தபோது அது கூட்டுறவு வீடு. பின்னர் நொடித்தது. 1905ஆம் ஆண்டு விடுதியானது. பிறகு 1929இல் பங்குச் சந்தை வீழ்ந்து 1930களில் பெருமந்தம் வந்தது. வேலை இழந்தோர் மாதத் தொகை கட்டவில்லை. கட்டாதவர் பங்கையும் கட்டுவோர் ஏற்க வேண்டியதாயிற்று. அவர்களும் ஏலாமல் விழுந்தனர். நகரின் கூட்டுறவுக் கட்டடங்கள் பலவும் அவ்வாறு கடன்காரர் கைக்குப் போயின.

எல்லாம் போயினவா? இல்லை. பிராங்ஸ் பகுதியில் தையல் தொழிலாளர் சங்கம் 1927ஆம் ஆண்டு திறந்த அமால்கமேட்டட் கூட்டுறவுக் குடியிருப்பு தாக்குப் பிடித்தது, இன்றும் நிற்கிறது. அங்கே இலாபத்துக்கு விற்க இயலாது. பங்கு எத்தனை என்று பாராது ஆளுக்கு ஒரு வாக்கு. ஜாக்சன் ஹைட்ஸ் போன்ற இடங்களிலோ பங்குக்கேற்ப வாக்கு. சந்தை விலைக்கு விற்பனை. முன்னது பிழைத்ததற்குக் காரணம் செங்கல் அன்று. வேலையிழந்தவனுக்குத் தவணை தந்து, தாங்கி நின்ற அயலார் அங்கே இருந்தனர்.

எனவே, ஒரே கூரையின் கீழ் புகுவோர் ஒருவர் கடனை ஒருவர் சுமக்கத் துணிந்தவராவர். புதிதாய் வருவோனிடம் "உன்னால் கட்ட இயலுமா?" என்று கேட்பது இழிவன்று. "நீ யார் குலம்?" என்று கேட்பதே இழிவு. "முதற் கேள்விக்கு நிமிர்ந்து விடை சொல் அம்மா, இரண்டாவதைக் கேட்டால் சட்டத்தைக் காட்டு" என்று மகளுக்குச் சொன்னேன்.

அதோடு நிற்கவில்லை. "அவர்கள் உன் கணக்கைக் கேட்பது போல நீயும் அவர்கள் கணக்கைக் கேள்" என்றேன். மூன்றாண்டு வரவு செலவுக் கணக்கை வாங்கச் சொன்னேன். அங்கே வாங்குவோர் வழக்கறிஞரே அதனையும் குழுவின் கூட்டக் குறிப்பேட்டையும் பார்ப்பார். வந்தது விடை. அக்கட்டடத்தின் விலை அண்டை வீடுகளினும் குறைவாயிருந்த காரணமும் வந்தது. பொதுக்கடன் பெரிது, அதன் தவணைக்காலம் நெருங்கியிருந்தது. சேமநிதி சிறிது. கூரையும் கொதிகலனும் ஒருங்கே மாற்றவேண்டிய நிலை. மரத்தரையில் மயங்கிய மகள், "அப்பா, நீங்கள் எதையும் மராமத்துக் கண்ணாலேயே பார்க்கிறீர்கள்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் அவளே அழைத்தாள். அவ்வீட்டை விட்டுவிட்டதாகச் சொன்னாள்.

சில மாதங்கள் சென்றன. நாலு தெரு தள்ளி, மற்றொரு கட்டடம். அதுவும் போருக்கு முற்பட்டதே. பூங்கா சிறிது, கூடம் இருண்டது. ஆனால் கூரை புதிது, கடன் சிறிது, கூட்டக் குறிப்பேட்டில் சண்டைகளும் இருந்தன, சண்டைக்குப் பின் முடிவுகளும் இருந்தன. அதுவே எனக்கு நம்பிக்கை அளித்தது. சண்டையே இல்லாத கணக்குப் புத்தகத்தை நான் என்றும் நம்புவதில்லை! குழுவின் முன் அமர்ந்தாள், ஒப்பினர். என் பங்கைத் தம்பிக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்திர அலுவலகத்தில் ரேகை வைத்துத் திரும்பிய அன்று, என் மனைவி அடுப்பு மூட்டவில்லை. இனி, பிறந்த மண்ணில் எனக்கென்று ஒரு செங்கல் இல்லை.

என் குற்றம்

அன்பர்களே! மகளுக்கு இவ்வளவு அறிவுரை கூறிய நான் யார்? அதையும் இம்மேடையில் சொல்லிவிடுவது கடமை. இளைஞர்கள் அறியார், முதியோர் மறந்திருக்க மாட்டீர்கள்.

1986ஆம் ஆண்டு, இதே மரைன் ஹில் குவார்ட்டர்ஸில் பதினொரு குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தோம். ஓய்வு பெறுமுன் நிலம் வாங்கி, ஒரே இடத்தில் வீடுகள் கட்டிக்கொள்ள எண்ணினோம். மாதந்தோறும் ஆளுக்கு ஒரு தொகை. எழுத்து இல்லை, பதிவு இல்லை, விதி இல்லை. நண்பர்களுக்குள் விதி எதற்கு என்றோம். கணக்கு வைத்தவன் நான். மூன்றாண்டு நன்றாக நடந்தது. பிறகு ஊரில் என் தங்கைக்குத் திருமணம் வந்தது. "என் பணத்தை எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். யாரும் தடுக்கவில்லை, தடுக்க விதி இல்லையே! ஒரு பைசா கூடுதலாய் எடுத்தேனல்லேன். ஆனால் முதற்கல்லை உருவியவன் நானே. அடுத்த மாதம் ஒருவர், அதற்கடுத்து இருவர். ஓராண்டில் அத்திட்டம் கரைந்தது. நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று.

அப்பதினொருவரில் நால்வர் ஊர் திரும்பினர். மூவர் இன்று இல்லை. அவர்களில் இருவர் வாடகை வீட்டிலேயே கண்மூடினர். ஒருவர் கடைசி நாளில் என்னிடம் கூறியது: "அந்த நிலம் மட்டும் அமைந்திருந்தால்..." முடிக்கவில்லை. நான் அதை இன்றுவரை முடித்துக்கொண்டே இருக்கிறேன்.

யாரை நோவது? தங்கைக்குத் திருமணம் செய்தது தவறா? அன்று. வெளியேறும் வழியை முன்கூட்டியே வகுக்காததே தவறு. ஒருவன் விலகினால் அவன் இடத்துக்கு வேறொருவர் வந்த பின்னரே பணம் திரும்பும் என்று ஒரு வரி எழுதியிருந்தால், இடருற்றவனுக்குக் கடன் தரச் சிறு நிதி ஒன்று ஒதுக்கியிருந்தால், அத்திட்டம் நின்றிருக்கும். வீடு என்ற சொல்லின் வேர் 'விடு' என்றேனல்லவா? விடும் முறையை வகுக்காத கூட்டம் வீடு கட்டாது.

நாம் செய்யத் தக்கது

இன்று நம் சங்கத்தில் சிலர் கூட்டுறவு வீட்டுச் சங்கம் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பதாக அறிகிறேன். மகிழ்கிறேன். கூட்டுறவுச் சங்கம் அமைத்தல் நம் அடிப்படை உரிமை என்பதை அரசியலமைப்பின் 97ஆவது திருத்தம் உறுதி செய்தது. 2012ஆம் ஆண்டு அது நடப்புக்கு வந்தது. உரிமை இருக்கிறது. முறை வேண்டும். பட்டவன் என்ற முறையில் சில சொல்லி அமைகிறேன்.

முதலாவது, நட்பை நம்புங்கள், ஆனால் எழுதுங்கள். பதிவு செய்யுங்கள். எழுத்து நட்பைக் கெடுப்பதில்லை, காக்கிறது. இரண்டாவது, நிலத்தின் உரிமை எத்தகையது என்பதைப் பணம் கட்டுமுன் வருவாய்த்துறை ஆவணத்தில் பாருங்கள். நம் தீவில் இது பிற இடங்களினும் முக்கியம். மூன்றாவது, நில நடுக்கத்துக்கேற்ற கட்டுமானத்தில் சிக்கனம் பாராட்டாதீர்கள். சன்னலிலும் வண்ணத்திலும் சிக்கனம் பாருங்கள். தூணிலும் கம்பியிலும் பாராதீர்கள். மழைநீர்த் தொட்டியைக் கூரையோடு சேர்த்தே வரையுங்கள். கோடையில் குழாய் நீருக்கு நாம் படும் பாட்டை யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்காவது, கட்டி முடித்த நாளே செலவு முடிவதில்லை. கூரைக்கும் குழாய்க்கும் முதல் மாதத்திலிருந்தே சேமநிதி சேருங்கள். ஐந்தாவது, வருவோனைக் கேள்வி கேளுங்கள். ஆனால் சாதி கேளாதீர்கள், ஊர் கேளாதீர்கள். நம் வாயிலில் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் இராஞ்சியிலிருந்து வந்தவரும் நின்றால் அவர்களும் நம் அயலாரே. ஆறாவது, விலகும் முறையை முதற் பக்கத்திலேயே எழுதுங்கள்.

தனி வளை வேண்டும் என்ற முன்னோர் வாக்கை நான் மறுக்கவில்லை. மனிதனுக்குத் தாழிட ஒரு கதவு வேண்டும். ஆனால் நிலமும் பொருளும் அரிதான இடத்தில், தனிக்கதவுக்குப் பொதுக்கூரையே துணை. கதவு தனியாயிருக்கட்டும், கூரை பொதுவாயிருக்கட்டும். அக்கூரையைத் தாங்குவோர் ஒருவரையொருவர் அறிந்திருக்கட்டும்.

இறுதியாக ஒன்று. மகள் வாங்கிய வீட்டின் குத்தகைப் பத்திரத்தில், பங்குதாரருடன் யார் யார் குடியிருக்கலாம் என்று ஒரு பட்டியல் உண்டாம். அதை அவள் எனக்குப் போனில் படித்துக் காட்டினாள். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று வாசித்து வந்தவள் சற்று நிறுத்தினாள். பிறகு, "பெற்றோர் என்றும் போட்டிருக்கிறது, அப்பா. அந்த இரண்டாவது அறை உங்களுக்கும் அம்மாவுக்கும்" என்றாள்.

நாங்கள் போவோமா? தெரியாது. இந்தச் சரிவையும் இந்தக் கடலையும் உங்களையும் விட்டுப் போக மனம் ஒப்புமா? அதுவும் தெரியாது. ஆனால் உலகின் மறு கோடியில், நாங்கள் காணாத ஒரு கட்டடத்தில், எங்களுக்கென ஓர் அறையை ஒரு பொதுச்சங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது என்ற எண்ணமே எங்களுக்குப் பெருந்துணையாயிருக்கிறது. அத்தகைய ஒரு துணையை இந்த மரைன் ஹில்லில், ஓய்வு பெறும் ஒவ்வொருவருக்கும் அளிக்க நம் சங்கம் முன்வருமாயின், அன்று இந்தப் பழைய கணக்குப்பிள்ளை தன் முதல் தவணையைக் கட்டக் காத்திருப்பான். இம்முறை நடுவில் உருவ மாட்டான் என்று உங்கள் முன் உறுதி கூறுகிறேன்.